விடிகாலை அரை மணி நேரம் யாருடையது?

"காலையில் எழுந்து நடந்தால் உடம்புக்கு நல்லது" என்று சொன்னால் உங்களில் ஒருவரும் மறுக்கப் போவதில்லை. மறுப்பதற்குக்கூட நமக்கு நேரம் கிடையாதே! அடுப்பில் பருப்பு கொதிக்கிறது, மகனின் ஒரு பக்கக் காலுறையைக் காணவில்லை, பாடசாலை வேன் ஆறேகாலுக்கே வந்து ஹோர்ன் அடிக்கிறது. இருபது வருடங்களாக நானும் இந்தப் புத்திமதிக்குத் தலையை ஆட்டிவிட்டு, சம்பலுக்குத் தேங்காய் திருவப் போய்விடுவேன்.

அந்தத் தலையாட்டலை நிறுத்தியது ஒரு சின்னத் துண்டுக் காகிதம். 2023 செப்டம்பரில், எங்கள் பகுதி மருத்துவமாதுவின் நச்சரிப்புத் தாங்காமல் வெல் வுமன் கிளினிக்குக்குப் போனேன். எனக்கு அப்போது 46 வயது. பெண்களுக்கென்று 1996ஆம் ஆண்டு நம் நாட்டில் தொடங்கப்பட்ட இந்தக் கிளினிக்கில் இரத்த அழுத்தம், சீனி, மார்பு, கருப்பைக் கழுத்து எல்லாவற்றையும் இலவசமாகவே பார்க்கிறார்கள். "எனக்கு ஒன்றும் இல்லை, பெயருக்கு ஒரு தரம் பார்த்துவிட்டு வருவோம்" என்றுதான் போனேன். காகிதத்தில் 118 என்று எழுதித் தந்தார்கள்.

வெறும் வயிற்றில் இரத்தத்தில் சீனி 100 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் கவலை இல்லை. 126ஐத் தொட்டால், இன்னொரு முறையும் பார்த்து, நீரிழிவு என்று முடிவு செய்கிறார்கள். நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். "இன்னும் வருத்தம் வரவில்லை, ஆனால் வாசலுக்கு வந்துவிட்டது" என்றார் டொக்டர். அந்த வருத்தம் எங்கள் வீட்டு வாசலுக்கு வருவது அது முதல் தடவை அல்ல.

அம்மாவின் கால்

என் அம்மா நாவலப்பிட்டிப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். விடிய நாலரைக்கு எழுந்து, ரொட்டி தட்டி, எங்களை எழுப்பிவிட்டு, இருட்டோடு பெரட்டுக் களத்துக்குப் போவார். அங்கிருந்து மலை ஏற்றம். முதுகில் கூடை. கொழுந்தை நிறுக்க மடுவத்துக்கு இறங்க வேண்டும், திரும்பவும் ஏற வேண்டும். சொன்ன கிலோ எடுக்காவிட்டால் அரைப் பேர்தான் போடுவார்கள் என்பதால் நின்று இளைப்பாறவும் முடியாது. நாற்பது வருடம் இப்படி. அந்த நாற்பது வருடத்திலும் அம்மாவுக்குச் சீனி வருத்தம் இருக்கவில்லை. முழங்கால் தேய்ந்தது, இரத்தம் குறைந்தது, அட்டை கடித்த தழும்புகள் இருந்தன. தோட்ட வேலையை "உடற்பயிற்சி" என்று சொல்லி அழகுபடுத்த நான் தயாரில்லை. ஆனால் அந்த உடம்புக்கு ஏறி இறங்குவது பழகியிருந்தது என்பது உண்மை.

ஓய்வு பெற்றதும், "இனியாவது உட்கார்ந்து சாப்பிடுங்கம்மா" என்று கட்டுக்கலையில் உள்ள எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். நான் சொன்னபடியே அம்மா உட்கார்ந்தார். காலையில் பாணும் சீனி போட்ட பால் தேநீரும், பகலில் சோறு, பின்னேரம் பிஸ்கட், இரவுவரை நாடகம். மகள் வீட்டில் அம்மா ராணி மாதிரி இருக்கிறார் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் பெருமைதான். மூன்று வருடத்தில் சீனி வந்தது. ஐந்து வருடம் கழித்து ஒருநாள் அவருடைய செருப்பை எடுத்து வைக்கும்போது அடியில் ஓர் ஆணி குத்தி மேலே வந்திருப்பதைப் பார்த்தேன். அம்மாவுக்குத் தெரியவே இல்லை. காலில் உணர்ச்சி போய்விட்டிருந்தது. பெருவிரலை எடுத்தார்கள். மலையெல்லாம் ஏறிய அந்தக் கால், அதன் பிறகு குளியலறைக்குப் போகவே என் தோளைப் பிடித்தது. 2020இல் அம்மா போய்விட்டார்.

ஆகவே 118 என்ற எண்ணைப் பார்த்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது சீனிப் போத்தல் அல்ல, அந்த ஆணிதான்.

இது எங்கள் ஒரு வீட்டுக் கதை என்று நினைக்காதீர்கள். 2005, 2006ஆம் ஆண்டுகளில் இலங்கையில் ஏறத்தாழ ஐயாயிரம் பேரிடம் நடத்திய ஆய்விலேயே, 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. ஆண்களைவிடப் பெண்களில் சற்று அதிகம். அவர்களில் மூன்றில் ஒருவருக்கும் மேற்பட்டோர் தமக்கு வருத்தம் இருப்பதையே அறியாமல் இருந்தார்கள்.

டிரைவரும் கொண்டக்டரும்

"மாத்திரை தருகிறீர்களா டொக்டர்?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "மாத்திரை எங்கேயும் ஓடிவிடாது. முதலில் நீங்கள் நடங்கள். மூன்று மாதம் கழித்து வாருங்கள்" என்றார்.

மாத்திரை தராமல் அனுப்புகிறாரே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு குறை. பிறகு தேடித் தேடி வாசித்தபோதுதான் அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று விளங்கியது. அமெரிக்காவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்து 2002இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. அவர்கள் எல்லோரும் என்னைப் போல வாசற்படியில் நின்றவர்கள். ஒரு பகுதியினருக்கு மெட்போமின் மாத்திரை கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினரைக் கிழமைக்கு 150 நிமிடம் உடற்பயிற்சி செய்து, சாப்பாட்டைக் குறைத்து, எடையையும் கொஞ்சம் இறக்கச் சொன்னார்கள். ஒன்றும் செய்யாதவர்களோடு ஒப்பிட்டால், மாத்திரை எடுத்தவர்களில் நீரிழிவு வருவது 31 வீதம் குறைந்தது. பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் உள்ளவர்களில் 58 வீதம் குறைந்தது!

"அது வெள்ளைக்கார உடம்பு, நம்முடையது வேறு" என்று என் மாமி சொன்னார். மாமி சொல்வதிலும் நியாயம் உண்டு. நம் இனத்தவருக்குக் குறைந்த எடையிலேயே, இளம் வயதிலேயே சீனி வந்துவிடுகிறது. அதற்கும் பதில் இருக்கிறது. சென்னையில் டொக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. சாப்பாட்டில் கவனம், தினமும் அரை மணி நேரமாவது விறுவிறு நடை. இதிலேயே நீரிழிவு வருவது 28.5 வீதம் குறைந்தது. மாத்திரை எடுத்தவர்களிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அவர்களுக்கு எடை பெரிதாகக் குறையவில்லை. ஆனாலும் பலன் கிடைத்திருக்கிறது. தராசில் ஏறி ஏறிப் பார்த்து மனம் விட்டுப் போகிற சகோதரிகள் இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படி இது நடக்கிறது? நம் உடம்பில் சீனியை அதிகமாக இழுத்துக்கொள்வது தசைகள்தான். சும்மா இருக்கும் தசை, இன்சுலின் வந்து கதவைத் தட்டினால்தான் சீனியை உள்ளே விடும். சீனி வருத்தம் தொடங்கும்போது, தட்டும் சத்தம் அதற்குக் கேட்பதில்லை. வேலை செய்யும் தசையோ இன்சுலினுக்குக் காத்திராமல் தானே கதவைத் திறந்து சீனியை இழுத்துக்கொள்கிறது. நடந்து முடித்த பின்னும் ஒரு நாள், சில வேளை இரண்டு நாள் வரைக்கும் அந்தத் தசைக்கு இன்சுலின் தட்டுவது நன்றாகக் கேட்கிறது. அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் பயிற்சியை விட வேண்டாம் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் நடந்துவிட்டு மற்ற ஆறு நாளும் உட்கார்ந்திருப்பதில் இந்தப் பலன் வராது.

இதயத்துக்கும் இதே கதைதான். லண்டனில் ஜெர்ரி மொரிஸ் என்ற மருத்துவர் இரட்டைத் தட்டு பஸ்களில் வேலை செய்தவர்களைக் கவனித்து 1953இல் எழுதினார். நாள் முழுக்க ஆசனத்தில் இருந்த டிரைவர்களைவிட, படி ஏறி இறங்கி டிக்கட் கொடுத்த கொண்டக்டர்களுக்கு மாரடைப்பு நன்றாகக் குறைவாக இருந்ததாம். ஒரே கம்பனி, ஒரே பஸ், படிதான் வித்தியாசம்! மொரிஸ் தானும் பயிற்சி செய்து 99 வயது வரைக்கும் இருந்தார். இதை வாசித்தபோது நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அம்மா நாற்பது வருடம் கொண்டக்டர். கணக்குப் பிரிவில் கதிரையில் இருக்கும் நான் டிரைவர். அம்மாவையும் கொண்டு வந்து டிரைவர் ஆசனத்தில் உட்கார வைத்தது நான்தான்.

பின்னேரம் ஏன் சரிவரவில்லை

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். காலை நடையில் மட்டும்தான் மருந்து இருக்கிறது, பின்னேர நடையில் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். தசைக்கு மணிக்கூடு பார்க்கத் தெரியாது. சாப்பிட்ட பின் பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால் சீனி திடீரென்று ஏறுவது குறைகிறது என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே நான் பின்னேரத்தில்தான் தொடங்கினேன். வேலை விட்டு வந்து ஐந்தரைக்கு நடப்பது என்று தீர்மானம்.

அது ஒக்டோபர் மாதம். கண்டியில் இருப்பவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை! ஒக்டோபர், நவம்பரில் காலை பளிச்சென்று இருக்கும். பகல் திரும்பியதும் ஹந்தானைப் பக்கம் கறுத்து, மூன்று, நான்கு மணிக்கு இடியோடு ஊற்றும். மழை இல்லாத நாளில் விருந்தாளி வந்தார். விருந்தாளி இல்லாத நாளில் மகனை டியூஷனில் இருந்து கூட்டி வர வேண்டியிருந்தது. இரண்டும் இல்லாத நாளில் எனக்கே இயலவில்லை. அந்த மாதம் முழுவதிலும் நான் நடந்தது ஆறு நாள். கலண்டரில் புள்ளி வைத்திருந்ததால் பொய் சொல்லவும் வழியில்லை.

அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. பின்னேரம் என்பது எல்லோரும் கேட்கும் நேரம். மாமிக்கு வேண்டும், பிள்ளைகளுக்கு வேண்டும், அவருக்கு வேண்டும். ஐந்து மணியில் இருந்து ஐந்தே முக்கால் வரையான விடிகாலை மட்டும்தான் யாரும் கேட்காத நேரம். ஏனென்றால் அப்போது யாரும் விழித்திருப்பதில்லை. காலை உடற்பயிற்சியின் முதல் நன்மை எது என்று கேட்டால், இரத்தமோ இதயமோ என்று சொல்லமாட்டேன். அது நடந்து முடிந்துவிடும், அதுதான் முதல் நன்மை.

கண்டிக்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் நகரம் மலைகள் சூழ்ந்த ஒரு கிண்ணம். பாடசாலை வேன்களும் பஸ்களும் ஆறரைக்குப் பிறகு கக்கும் புகை சுலபத்தில் வெளியே போகாது. குளிர்ந்த காலையில் அது கீழேயே படிந்து நிற்கும். பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் பல வருடங்களாக இதைச் சொல்லி வருகிறார்கள். வாகனங்கள் புறப்படுவதற்கு முன் நடந்து முடிப்பவருக்குத்தான் நல்ல காற்று. விடியும் வெளிச்சம் கண்ணில் படுவதால் உடம்பின் மணிக்கூடு சரியாகி, இரவில் தூக்கம் நேரத்துக்கு வருகிறது என்பதையும் நானே அனுபவித்தேன். முன்பெல்லாம் பதினொன்றரை வரை புரண்டுகொண்டிருப்பேன். இப்போது ஒன்பதரைக்கே கண் சொருகுகிறது. நாடகங்கள் என்னவாயின என்று எனக்குத் தெரியாது!

யார் தேநீர் ஊற்றுவது?

சகோதரிகளே, இப்போது கட்டுரைகளில் வராத பகுதிக்கு வருகிறேன். நான் ஐந்துக்கு வெளியே போனால் பிளேன்டீ யார் ஊற்றுவது? சோற்றுப் பார்சல் யார் கட்டுவது?

"விடியக்காலையில பொம்பள ரோட்டுல நடந்தா பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?" என்றார் மாமி. அவருக்குக் கோபமில்லை, பயம். இருட்டு, தெருநாய், குடித்துவிட்டு வருபவர்கள் எல்லாம் சும்மா பயம் அல்லவே. "வீட்டு வேலையே போதாதா? கூட்டுறது, துடைக்கிறது எல்லாம் உடற்பயிற்சிதானே" என்றும் கேட்டார். இது நம்மில் பலர் கேட்கும் கேள்வி. உடம்பை அசைப்பது எதுவானாலும் நல்லதுதான். 2020இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டலும் வீட்டு வேலையைத் தள்ளிவிடவில்லை. ஆனால் அது வளர்ந்தவர்களுக்குக் கேட்பது கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம், மூச்சுக் கொஞ்சம் வாங்கும் அளவுக்கான அசைவு. பேச முடிய வேண்டும், பாட முடியாமல் இருக்க வேண்டும். அதுதான் அளவு. அடுப்படியில் நின்றுகொண்டு நான் பாட்டே பாடுகிறேன்!

அவரிடம் அம்மாவின் காலைப் பற்றி மட்டும் பேசினேன். அந்தக் காலுக்கு மருந்து கட்டும்போது விளக்குப் பிடித்தவர் அவர்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "தேத்தண்ணிய நான் ஊத்துறேன்" என்றார். முதல் கிழமை அவர் ஊற்றிய பிளேன்டீயில் சாயமும் இல்லை, சூடும் இல்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. மரக்கறியை இரவே வெட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கப் பழகினேன். காலைச் சமையலில் ஒரு கறி குறைந்தது. அதனால் யாரும் மெலிந்துவிடவில்லை.

மாமியின் பயத்துக்கு மருந்து பக்கத்து வீட்டில் இருந்தது. அங்கே இருக்கும் சிங்கள அக்கா, இரத்த அழுத்தத்துக்காக நடக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இரண்டு வருடம் கழித்தவர். இப்போது நாலே முக்காலுக்கு எங்கள் கேற்றடியில் வந்து, "யமுத நங்கி?" என்று மெல்லக் கேட்பார். போவோமா தங்கச்சி என்று அர்த்தம். அவர் வந்து நின்ற பிறகு எனக்குப் போர்வைக்குள் கிடக்க முடியுமா? கொஞ்ச நாளில் கீழ்த் தெருவில் உள்ள, ஓய்வு பெற்ற முஸ்லிம் டீச்சரும் சேர்ந்துகொண்டார். தனியாக இருந்திருந்தால் இரண்டாவது கிழமையிலேயே விட்டிருப்பேன். மூன்று பேர் ஒன்றாகப் போனால் நாயும் யோசிக்கும், மனிதனும் யோசிப்பான்.

வாவியைச் சுற்றி

கிழமை நாட்களில் பிள்ளையார் கோயிலைத் தாண்டி நகரம் வரை போய், வாவியைத் தொட்டுவிட்டுத் திரும்புவோம். வாவியை முழுதாகச் சுற்றுவது ஞாயிற்றுக்கிழமைதான். சுற்றளவு மூன்று கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். எங்கள் நடைக்கு நாற்பது நிமிடம். அந்த நேரத்தில் தலதா மாளிகைப் பக்கமிருந்து காலைப் பூசையின் மேளம் கேட்கும், பள்ளிவாசலில் இருந்து பாங்கு கேட்கும். நீர்க்காகங்கள் மரத்தில் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருக்கும். கபரகொய்யா ஒன்று ஆடாமல் அசையாமல் கரையில் கிடந்து டீச்சரைப் பயமுறுத்தும்.

கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வயல் நிலத்தை மறித்து 1807இல் கட்டுவித்த வாவி இது. கரையோரம் அலை அலையாகப் போகும் அந்த முகில் மதிலைக் கவனித்திருக்கிறீர்களா? அது வாவி முழுவதையும் சுற்றி வருவதில்லை. கட்டி முடிப்பதற்குள் 1815இல் ஆங்கிலேயர் அரசனைப் பிடித்துவிட்டார்கள். மதில் முடியும் இடத்தில் எங்களுக்கும் மூச்சு முட்டும் என்பதால் அங்கே ஒரு நிமிடம் நிற்பது வழக்கம்.

எசல பெரஹர நாட்களில் வாவிக் கரையில் காலடி வைக்க இடமிருக்காது. அந்தப் பத்து நாளும் எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள படிக்கட்டுகளில் ஏறி இறங்குவோம். மேடு பள்ளமான ஊரில் இருப்பது இந்த விஷயத்தில் வசதிதான். படி ஏறுவது தொடைத் தசைக்கு வலுத் தரும். மாதவிடாய் நிற்கும் வயதில் பெண்களுக்கு எலும்பு வேகமாகத் தேய்கிறது. உடம்பின் பாரத்தைக் கால் தாங்கும் நடையும் படியும் எலும்புக்கு நல்லது. நடை மட்டும் போதாது, தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் கிழமைக்கு இரண்டு நாளாவது வேண்டும் என்று அதே வழிகாட்டல் சொல்கிறது. நான் செய்வது மிகச் சுலபமானது. கையை ஊன்றாமல் கதிரையில் இருந்து எழுந்து எழுந்து உட்காருவது, பத்துத் தடவை. முதல் நாள் ஆறோடு நின்றுவிட்டேன்.

மகள் தன் தொலைபேசியில் அடிகளை எண்ணிக் காட்டி, "பத்தாயிரம் வரல்லையே அம்மா" என்பாள். அந்தப் பத்தாயிரம் 1965இல் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரில் இருந்து வந்தது. சராசரி 72 வயதான பெண்களை வைத்துச் செய்து 2019இல் வெளிவந்த ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களில் மரணம் குறைவாக இருந்தது. 7,500க்கு மேல் போனதில் பெரிதாக மேலதிக நன்மை தெரியவில்லை. வயதான அம்மாமார் பத்தாயிரம் என்றதும் பயந்துபோய் வீட்டில் இருந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

கவனம் வைக்க வேண்டியவை

சப்பாத்து முக்கியம். நான் பாத்ரூம் செருப்போடு தொடங்கிக் குதிகால் நோவோடு படுத்தேன். சல்வாருக்குக் கீழே கன்வஸ் சப்பாத்தா என்று சிரித்தவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். சீனி உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கவே வேண்டாம். போடுமுன் சப்பாத்துக்குள் கையை விட்டுப் பாருங்கள், வந்ததும் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

இன்சுலின் போடுபவர்களும், சீனியை இறக்கும் சில வகை மாத்திரை எடுப்பவர்களும் வெறும் வயிற்றோடு நடந்தால் சீனி தாழ்ந்துபோகலாம். டொக்டரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். கையில் இரண்டு இனிப்பு இருக்கட்டும். நடுக்கம், வியர்வை, கண் இருட்டினால் உடனே வாயில் போட வேண்டும். இதய வருத்தம் உள்ளவர்களும் முதலில் டொக்டரைக் காண வேண்டும். மாரடைப்பு காலை நேரத்தில்தான் கூடுதலாக வருகிறது. ஆகவே எழுந்த சூட்டோடு மேட்டில் ஓடாமல் முதல் ஐந்து நிமிடம் மெதுவாக நடக்க வேண்டும். நெஞ்சில் இறுக்கம், இடது கை நோவு, என்றும் இல்லாத மூச்சுத் திணறல் வந்தால் நடையை நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெளிர் நிற உடுப்பு, ஒரு குடை. குடை மழைக்கு மட்டுமல்ல, நாய்க்கும் உதவும்.

நவம்பரில் நடக்கத் தொடங்கிய எனக்கு டிசம்பரில் 112 வந்தது. மார்ச்சில் 105. டொக்டர் காகிதத்தைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்புக்காக இன்னொரு வாவி சுற்றியிருப்பேன். எடை இரண்டரைக் கிலோதான் குறைந்தது. இடுப்புச் சுற்றளவு 94 சென்ரிமீற்றரில் இருந்து 89 ஆனது. நம் நாட்டுப் பெண்களுக்கு 80க்குள் இருப்பது நல்லது என்பதால் இன்னும் தூரம் இருக்கிறது.

அடுத்த ஜூலையில் மாமி முற்றத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். மூன்று மாதம் நான் வாசலைத் தாண்டவில்லை. சிங்கள அக்கா கேற்றடியில் கேட்டுவிட்டுத் தனியே போவார். நவம்பரில் 114. நடந்து சேர்த்ததெல்லாம் கிட்டத்தட்டப் போயிருந்தது. அன்று இரவு அழுதேன் என்பதை ஒளிக்க மாட்டேன். மறுநாள் விடிய, நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வரை வந்த மாமி, "நான் இருக்கேன்ல, பால நான் பார்த்துக்கிறேன், நீ போ" என்றார். ரோட்டில் நடந்தால் என்ன நினைப்பார்கள் என்று கேட்ட அதே மாமி! அவருக்கும் பிசியோதெரபி மிஸ் நடக்கச் சொல்லியிருந்தார். காலையில் நான் வாவிக்கு, மாமி விறாந்தையில் எட்டுச் சுற்று. கடைசியாகப் பார்த்தபோது எனக்கு 104.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளும் எழும்பி வந்தாள். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, இரவெல்லாம் கதிரையில். அம்மாயியின் காலைப் பார்த்து வளர்ந்தவள். வாவியின் பாதி வரை தொலைபேசியைப் பார்த்துக்கொண்டே வந்தாள். மதில் முடியும் இடத்தில், "அம்மாயியையும் இங்க கூட்டிட்டு வந்திருக்கலாமே அம்மா" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. சிங்கள அக்காவுக்குத் தமிழ் விளங்காது, ஆனாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மகளுக்கும் எனக்கும் ஒரே கால் அளவு. இப்போது சனி, ஞாயிறுகளில் அந்த ஒரு சோடிக் கன்வஸ் சப்பாத்துக்கு இரண்டு பேர் சண்டை. இந்த மாதச் சம்பளத்தில் இன்னொரு சோடி வாங்க வேண்டும்.